பத்தடி வயலினும் பதிமூணு ஸ்பீக்கரும்

ஹோம் தியேட்டர் வாங்கறதுன்னு முடிவு பண்ணினவங்க எல்லாரும் செய்யற முதல் காரியம் ரிவ்யூ படிக்கிறதுதான். வேற வழியும் இல்லை. மிக்சின்னா கடைக்காரரே முன்னாடி ஓட்டிக் காட்டிடுவார். புடவைன்னா வாசல் வெளிச்சத்துல பிரிச்சுப் பார்த்துடலாம். ஸ்பீக்கரைக் கடையில கேட்டா நமக்குக் கிடைக்கறது அந்தக் கடையோட சத்தம். நம்ம வீட்டுக் கூடத்துல, டைல்ஸ் தரையும் வெறும் சுவருமா இருக்கற இடத்துல அது எப்படிக் கேக்கும்னு அங்க தெரியாது. இப்பல்லாம் பாதிப் பேர் கடைக்கே போறதில்லை, பெட்டி நேரா வீட்டுக்கு வந்து இறங்குது. ஆக, முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர் எழுதின நாலு பத்தியை நம்பி இருபதாயிரம், முப்பதாயிரம்னு எடுத்து வைக்கறோம். விமர்சகருக்குப் பிடிக்கலைன்னா அடுத்த வாரமே பெட்டியைத் திருப்பி அனுப்பிடுவார். நம்ம வீட்டுல அது பத்து வருஷம் உக்காந்திருக்கும்.

அதனால எனக்கு ரொம்ப நாளா ஒரு ஆசை. எந்த மாடல் நல்ல மாடல்ங்கறதை ஓரமா வச்சுட்டு, இந்த விமர்சனத் தொழிலோட சரித்திரத்தைக் கொஞ்சம் நோண்டிப் பார்க்கணும்னு. நோண்டினதுல கிடைச்சது கீழே. பதிவு கொஞ்சம் நீளம்தான், காபி கலந்து எடுத்துட்டு வந்து உக்காருங்க.

முதல்ல ஒரு கேஸ். நிஜமாவே கோர்ட் கேஸ்.

1968-ல அமெரிக்காவுல போஸ் கம்பெனி 901-ன்னு ஒரு ஸ்பீக்கர் கொண்டுவந்தது. கம்பெனியை 1964-ல ஆரம்பிச்ச அமர் போஸ், எம்.ஐ.டி.யில பேராசிரியர். அப்பா வங்காளத்துலேர்ந்து அமெரிக்கா போனவர். ஒரு பெட்டிக்குள்ள ஒன்பது சின்ன ஸ்பீக்கர். அதுல எட்டு, பின்னாடி இருக்கற சுவரைப் பார்த்திருக்கும். ஒண்ணே ஒண்ணுதான் நம்மைப் பார்த்திருக்கும். கச்சேரி ஹால்ல நம்ம காதுக்கு வர்றதுல பெரும்பங்கு சுவர்லயும் கூரையிலயும் பட்டுத் திரும்பற ஒலிதானே, வீட்டுலயும் அப்படியே செஞ்சா என்னங்கறது அவரோட வாதம். வித்தியாசமான யோசனை. நிறைய பேர் கொண்டாடினாங்க.

1970 மே மாசம் 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' பத்திரிகையில நடுத்தர விலை ஸ்பீக்கர்களைப் பத்தி ஒரு கட்டுரை வந்தது. இந்தப் பத்திரிகையைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லிடறேன், கடைசி வரைக்கும் வரப்போற ஆள் இது. கன்ஸ்யூமர்ஸ் யூனியன்ங்கற லாப நோக்கில்லாத அமைப்பு 1936-லேர்ந்து நடத்தினது. விளம்பரமே வாங்காது. கம்பெனிகிட்ட ஓசிக்குப் பொருள் வாங்காது. சாதாரண வாடிக்கையாளர் மாதிரி கடைக்குப் போய், காசு குடுத்து வாங்கி, சோதிச்சு எழுதும். நேர்மைன்னா அப்படி ஒரு நேர்மை.

அந்தக் கட்டுரையில தனியா கட்டம் கட்டி 901-ஐப் பத்தி எழுதினாங்க. சாரம் இதுதான்: சாதாரண ஸ்பீக்கர்ல எந்த வாத்தியம் எங்க இருக்குன்னு சுலபமா காட்ட முடியுது, போஸ்ல முடியலை. தனித்தனி வாத்தியங்கள் பூதாகாரமா பெருத்துடுது, அறையில அலையற மாதிரி இருக்கு. ஒரு வயலின் பத்தடி அகலத்துக்குக் கேக்குது, ஒரு பியானோ இந்தச் சுவர்லேர்ந்து அந்தச் சுவர் வரைக்கும் நீண்டுடுது. பெரிய வாத்தியக் குழுன்னா பரவாயில்லை, தனி வாத்தியம் கேக்கறவங்களுக்கு எரிச்சலா இருக்கலாம்.

போஸ் 1971-ல கேஸ் போட்டுட்டாங்க.

இங்கதான் கதை சூடு பிடிக்குது. கட்டுரையில இருந்த ஆங்கில வார்த்தை 'அபௌட் தி ரூம்'. அறையைச் சுத்தி வாத்தியம் அலையுதுன்னு அர்த்தம் பண்ணிக்கலாம். ஆனா சோதனையில அவங்க கேட்டது என்ன? ரெண்டு ஸ்பீக்கருக்கும் நடுவுல, முன்பக்கச் சுவரோரமா, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒலி நகர்ந்ததைத்தான். தலைக்குப் பின்னாடி போகலை, அறையைச் சுத்தியும் வரலை. கட்டுரைக்குப் பொறுப்பான சோதனை எஞ்சினியர் ஆர்னால்ட் செலிக்சன் கூண்டுல நின்னு, 'அபௌட்'னா நான் நினைச்சது குறுக்கால போறதைத்தான், சுத்தி வர்றதை இல்லைன்னு சாட்சி சொன்னார். நீதிபதி நம்பலை. இவ்வளவு படிச்ச மனுஷன் ஒரு சாதாரண வார்த்தைக்கு அப்படி ஒரு அர்த்தம் வச்சுக்கிட்டு எழுதியிருக்க முடியாதுன்னுட்டார். தெரிஞ்சே பொய் எழுதினார்னு முடிவு கட்டி, ஒரு லட்சத்துப் பதினைஞ்சாயிரம் டாலர் சொச்சம் நஷ்ட ஈடு போட்டது கோர்ட்.

மேல்முறையீட்டு கோர்ட் 1982-ல அதைத் தள்ளுபடி பண்ணிச்சு. 1984 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றம், ஆறுக்கு மூணுங்கற கணக்குல, பத்திரிகை பக்கம் தீர்ப்பு சொன்னது. தீர்ப்பை எழுதினவர் நீதிபதி ஜான் பால் ஸ்டீவன்ஸ். கேட்டதை வார்த்தையில வடிக்கும்போது ஒருத்தர் கொஞ்சம் பிசகலாம், அதுக்காக அவர் வேணும்னே பொய் சொன்னார்னு ஆயிடாதுங்கறது அதோட சாரம். கருத்துச் சுதந்திர வழக்குகள்ல இன்னிக்கும் எடுத்துக் காட்டற தீர்ப்பு. ஒரு ஸ்பீக்கர் விமர்சனத்துல வந்த ஒரே ஒரு சின்ன வார்த்தைக்காகப் பதிமூணு வருஷம் வக்கீல் ஃபீஸ்!

சட்டம் படிக்கிறவங்களுக்கு இந்தக் கேஸ் வேற விதத்துல முக்கியம். என்னை மாதிரி சத்தப் பைத்தியங்களுக்கு இதுல வேற ஒண்ணு உறைக்கும். காதால கேட்டதை எழுத்துல வைக்கறது அவ்வளவு வழுக்கற விஷயம். 'பாஸ் இறுக்கமா இருக்கு', 'குரல்ல ஒரு வெதுவெதுப்பு', 'மேடை அகலமா விரியுது' இப்படியெல்லாம் இன்னிக்கு ஒவ்வொரு ரிவ்யூவிலயும் படிக்கறோமே, அந்த வார்த்தைகளை எல்லாம் ஒரு நீதிபதி முன்னாடி நிறுத்தி 'இதுக்கு என்னய்யா அர்த்தம்?'னு கேட்டா எத்தனை பேர் தாங்குவாங்க?

சரி, கேஸை விட்டு வெளிய வருவோம். அந்தக் காலத்துல மத்த பத்திரிகைகள் என்ன பண்ணிட்டிருந்தது? ரெண்டு கோஷ்டி.

ஒண்ணு மீட்டர் கோஷ்டி. 'ஸ்டீரியோ ரிவ்யூ' பத்திரிகையில ஜூலியன் ஹிர்ஷ்னு ஒருத்தர், பல பத்து வருஷம், ஆயிரக்கணக்கான கருவிகளைச் சோதிச்சு எழுதினார். ஆம்ப்ளிஃபையரை மேஜையில வச்சு, எத்தனை வாட்ஸ் வருது, எவ்வளவு சிதைவு, எவ்வளவு இரைச்சல்னு அளந்து சொல்லுவார். ஒழுங்கா வடிவமைச்ச ரெண்டு ஆம்ப்ளிஃபையரை அதோட சக்திக்கு உட்பட்டு ஓட்டினா ரெண்டும் ஒரே மாதிரிதான் கேக்கும்ங்கறது அவர் கட்சி. அப்படின்னா மாசாமாசம் புதுசா எழுத என்ன இருக்குன்னு கேக்காதீங்க :-) பத்திரிகை நிறைய விளம்பரம். எதைப் பத்தியும் கடிஞ்சு ஒரு வார்த்தை வராதுன்னு அவர் மேல குறை சொன்னவங்க உண்டு.

இன்னொண்ணு காது கோஷ்டி. 'ஹை ஃபிடெலிட்டி' பத்திரிகையில வேலை பார்த்துட்டிருந்த ஜே. கார்டன் ஹோல்ட், விளம்பரதாரர்கள் பத்திரிகையை ஆட்டிவைக்கறாங்கன்னு வெறுத்துப்போய் வெளியேறி, 1962-ல 'ஸ்டீரியோஃபைல்' ஆரம்பிச்சார். ஆரம்பத்துல விளம்பரம் கிடையாது, சந்தா மட்டும். மீட்டர் என்ன வேணா சொல்லட்டும், கடைசியில கேக்கறது காதுதானேன்னார். 1973-ல ஹாரி பியர்சன் 'தி அப்சல்யூட் சவுண்ட்' ஆரம்பிச்சு அந்தப் பாதையில இன்னும் தூரம் போனார். இன்னிக்கு நாம படிக்கற மயிலிறகால தடவற மாதிரி வர்ணனை நடைக்கெல்லாம் இவங்கதான் பாட்டனார்கள். ஸ்டீரியோஃபைலும் பின்னால விளம்பரம் வாங்க ஆரம்பிச்சது, அது வேற கதை. ஆனா 1980-களோட கடைசியிலேர்ந்து ஜான் அட்கின்சன் ஆசிரியரா இருந்தப்போ, விமர்சகர் வானளாவப் புகழ்ந்த கருவிக்குக் கீழயே சோதனைக்கூட வரைபடங்களையும் போட்டாங்க. புகழ்ச்சியும் வரைபடமும் சில சமயம் ஒண்ணையொண்ணு முறைச்சுப் பார்த்துட்டு நிக்கும். படிக்க சுவாரசியமா இருக்கும்.

மீட்டர் கோஷ்டி வளர்ந்ததுக்கு ஒரு நல்ல காரணம் இருந்தது, அது கம்பெனிகளோட புளுகு. 1960-கள்ல ஆளாளுக்கு ஒரு வாட்ஸ் கணக்கு. உச்ச வாட்ஸ்ங்கறான், மியூசிக் பவர்ங்கறான், ரெண்டு சேனலையும் கூட்டிப் போடறான். நம்ம ஊர்ல இதுக்குத் தம்பி ஒருத்தன் இருந்தானே, ஞாபகம் இருக்கா? 90-கள்ல டூ-இன்-ஒன் மேல எல்லாம் ஜிகினா ஸ்டிக்கர்ல ஆயிரம் வாட்ஸ், ரெண்டாயிரம் வாட்ஸ் பி.எம்.பி.ஓ.ன்னு போட்டிருக்கும். பி.எம்.பி.ஓ.வுக்கு எந்தத் தர நிர்ணயமும் கிடையாது, விருப்பத்துக்கு ஒரு எண்ணைப் போட்டுக்கலாம். பின்பக்கம் திருப்பிப் பார்த்தா, மொத்தமா கரண்ட் எடுக்கறதே முப்பது வாட்ஸ்னு எழுதியிருக்கும். முப்பது வாட்ஸ் உள்ள போய் ஆயிரம் வாட்ஸ் வெளிய வரணும்னா பெட்டிக்குள்ள காமதேனு இருக்கணும்.

அமெரிக்காவுல 1974-ல ஃபெடரல் டிரேட் கமிஷன் இதுக்கு ஒரு விதி போட்டது. தொடர்ச்சியா எத்தனை வாட்ஸ், எத்தனை ஓம் சுமையில, எந்த அதிர்வெண்லேர்ந்து எந்த அதிர்வெண் வரைக்கும், எவ்வளவு சிதைவோடன்னு எல்லாத்தையும் சொல்லித்தான் விளம்பரம் பண்ணணும். அதுக்கும் முன்னாடி அந்த ஆம்ப்ளிஃபையரை மூணுல ஒரு பங்கு சக்தியில ஒரு மணி நேரம் ஓட்டணும். அந்தக் கால ஆம்ப்ளிஃபையர் ரொம்பச் சூடாகறது ஏறக்குறைய அந்த இடத்துலதான், அதனால கம்பெனிக்காரங்க அலறினாங்க. 2000-ல அதை எட்டுல ஒரு பங்காக் குறைச்சாங்க. ஆனாலும் கொஞ்ச காலத்துக்கு, ஒரு பெட்டியில 50 வாட்ஸ்னு போட்டிருந்தா அது 50 வாட்ஸ்.

இப்ப காதா, மீட்டரா சண்டைக்கு வருவோம். 1987 ஜனவரி இதழ்ல 'ஸ்டீரியோ ரிவ்யூ' ஒரு காரியம் பண்ணிச்சு. 220 டாலர் பயனியர் ரிசீவர்லேர்ந்து 12,000 டாலர் வால்வ் ஆம்ப்ளிஃபையர் வரைக்கும் சிலதை எடுத்து, சத்த அளவைத் துல்லியமாச் சமப்படுத்தி, எது ஓடுதுன்னு தெரியாத மாதிரி மாத்தி மாத்திப் போட்டுக் கேக்க வச்சாங்க. வித்தியாசம் கண்டிப்பா தெரியும்னு சத்தியம் பண்ணினவங்களும் அதுல உண்டு. தெரியாதுன்னு சொன்னவங்களும் உண்டு. முடிவு? காசு சுண்டிப் போட்டா எவ்வளவு சரியா வருமோ ஏறக்குறைய அவ்வளவுதான் ரெண்டு கட்சிக்கும் வந்தது. இந்தச் சோதனையைப் பத்தி அந்த உலகத்துல இன்னமும் வாய்ச்சண்டை ஓயலை. சோதனையே பதட்டத்தை உண்டாக்கிடுது, ரகசியமா இருக்கற நுணுக்கம் அப்படியெல்லாம் வெளிப்படாதுன்னு ஒரு தரப்பு. என் கருத்து, 12,000 டாலருக்கும் 220 டாலருக்கும் இருக்கற வித்தியாசம் அவ்வளவு கூச்ச சுபாவமா இருக்கக்கூடாது.

ஆம்ப்ளிஃபையர் போகட்டும். ஸ்பீக்கர்ல வித்தியாசம் இருக்கறது எல்லாருக்கும் தெரியும். அங்க காதை எவ்வளவு நம்பலாம்?

இதுக்கு ஆயுசையே குடுத்தவர் ஃபிளாய்ட் டூல். 1965-லேர்ந்து கனடாவுல, ஒட்டாவாவுல இருக்கற தேசிய ஆராய்ச்சி கவுன்சில்ல வேலை. திரைக்குப் பின்னாடி ஸ்பீக்கரை வச்சு, ஆட்களை உக்கார வச்சுக் கேக்க விட்டு, இன்னொரு பக்கம் எதிரொலியே இல்லாத அறையில அதே ஸ்பீக்கரைச் சுத்திச் சுத்தி அளந்து, ரெண்டையும் பொருத்திப் பார்த்தார். பார்க்காம கேட்டா, ஆச்சரியமா, ஜனங்க பெரும்பாலும் ஒரே மாதிரி ஸ்பீக்கர்களைத்தான் விரும்பறாங்க: எல்லா ஸ்வரத்தையும் கூட்டாம குறைக்காம சமமா குடுக்கறது, பக்கவாட்டுல போற ஒலியும் அதே குணத்தோட இருக்கறது. இன்னொண்ணும் கண்டுபிடிச்சார். காது கொஞ்சம் மந்தமானவங்களோட தீர்ப்பு நிலையா இருக்காது, இன்னிக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணு சொல்லுவாங்க. விமர்சகர் வயசு என்னன்னு எந்தப் பத்திரிகையும் போடறதில்லை, கவனிச்சீங்களா? அந்த ஆராய்ச்சிக் கூடத்தை பி.எஸ்.பி., பாரடைம், எனர்ஜி மாதிரி கனடா கம்பெனிகள் பயன்படுத்திக்கிட்டாங்க. நியாயமான விலையில நல்ல ஸ்பீக்கர்னு கனடாவுக்குப் பேர் வந்தது அதனாலதான்.

1991-ல டூல் ஹார்மன் கம்பெனிக்குப் போனார். ஜே.பி.எல்., இன்ஃபினிட்டி எல்லாம் வச்சிருந்த அதே ஹார்மன். அங்க ஷான் ஆலிவ்ங்கறவரோட சேர்ந்து 1994-ல ஒரு சோதனை. கம்பெனி ஊழியர்களே 40 பேர். நாலு ஸ்பீக்கர். மூணு பெரிசு, ஆளுயர மரப்பெட்டி மாதிரி, நல்ல விலை. நாலாவது, சின்னச் சின்னதா ரெண்டு பெட்டியும் ஒரு சப்வூஃபரும். அதான், நம்ம ஹோம் தியேட்டர் செட் சாதி, விலையும் குறைச்சல். கண்ணால பார்த்துக்கிட்டே கேட்டப்போ பெரிசுக்கெல்லாம் அள்ளிப் போட்டாங்க, சின்னதை மட்டம் தட்டினாங்க. திரையைப் போட்டுக் கேட்டப்போ அந்தச் சின்ன செட் பெரிசுகளோட தோள் உரசி நின்னுது. அதை விட முக்கியம், பார்த்துக் கேக்கறப்போ ஸ்பீக்கரை அறையில இடம் மாத்தினாக்கூட மார்க் அவ்வளவா மாறலை. இடம் மாத்தினா சத்தம் மாறும், அது நிஜம். கண் முடிவு பண்ணிட்டதால காது அந்த நிஜத்தைப் பதிவே பண்ணலை. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய்னு நம்ம ஊர்ல சொல்லி வச்சாங்க. இங்க கண், காதையும் சேர்த்துக் கெடுத்துடுச்சு.

இதுல குறைஞ்ச விலைக்காரங்களுக்கு என்ன சேதின்னா, ரிவ்யூ எழுதறவர் பார்த்துக்கிட்டேதான் கேக்கறார். விலை தெரியும். யார் செஞ்சதுன்னு தெரியும். பிளாஸ்டிக் பெட்டியா, வார்னிஷ் போட்ட மரமான்னு தெரியும். மலிவுப் பொருளுக்கு இது பெரும்பாலும் பாதகம். சில சமயம் சாதகம். 2012-ல பயனியர், ஜோடி 130 டாலருக்கு ஒரு சின்ன ஸ்பீக்கர் விட்டாங்க. வடிவமைச்சவர் ஆண்ட்ரூ ஜோன்ஸ், பல பத்தாயிரம் டாலர் விலையுள்ள டி.ஏ.டி. ஸ்பீக்கர்களைச் செஞ்ச அதே ஆள். அத்தனை பத்திரிகையிலயும் பாராட்டு. ஸ்பீக்கர் நிஜமாவே அந்த விலைக்கு நல்ல ஸ்பீக்கர்தான், அதுல சந்தேகமில்லை. ஆனா அஞ்சு நட்சத்திர ஓட்டல் சமையல்காரர் கையேந்தி பவன் போட்டிருக்கார்னா, முதல் வாய் இட்லி நம்ம நாக்குக்குக் கொஞ்சம் கூடுதலாவே ருசிக்குமா இல்லையா?

ஆலிவ் 2003-ல இன்னும் ஒரு விஷமம் பண்ணினார். 268 பேரை, பார்க்க முடியாத நிலையில, நாலு ஸ்பீக்கருக்கு மார்க் போடச் சொன்னார். பயிற்சி பெற்ற கேட்பாளர்கள், ஆடியோ கடைக்காரங்க, மார்க்கெட்டிங் ஆட்கள், கல்லூரி மாணவர்கள், கூடவே பத்திரிகை விமர்சகர்கள். எது நல்லது, எது மோசம்ங்கற வரிசை எல்லாக் கூட்டத்துக்கும் ஏறக்குறைய ஒண்ணுதான். ஆனா நிலையா, தெளிவாப் பிரிச்சுச் சொல்றதுல பயிற்சி பெற்றவங்க எங்கேயோ மேல. அடுத்து கடைக்காரங்க. அதுக்கு அப்புறம்தான் விமர்சகர்கள். என்னைக் கேட்டா இது நமக்கு நல்ல சேதி. எது நல்ல சத்தம்னு சொல்ல நம்ம காதே போதும், தங்கக் காது எதுவும் தேவையில்லை.

இப்ப நம்ம பழைய ஆள் 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' திரும்ப வர்றார். போஸ் கேஸ்ல அடிபட்டது, கேட்டு எழுதின வர்ணனையால. அளந்து சொன்னா யாரும் கேஸ் போட முடியாதே! வாங்கக்கூடிய விலையில உள்ள ஸ்பீக்கர்களை அளந்து, நூத்துக்கு இத்தனைன்னு துல்லிய மார்க் போட்டுட்டு வந்தாங்க. லட்சக்கணக்கான குடும்பங்கள் அதைப் பார்த்து வாங்கியிருக்கும். ஆலிவ் அவங்க சோதிச்ச பதிமூணு ஸ்பீக்கரை எடுத்து, திரை போட்டு, பயிற்சி பெற்ற காதுகளைக் கேக்க வச்சார். 2004-ல முடிவை வெளியிட்டார். பத்திரிகையோட மார்க்குக்கும் காதுகளோட விருப்பத்துக்கும் சம்பந்தமே இல்லை. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு.

காரணம் என்ன? அவங்க அளந்தது, ஸ்பீக்கர் எல்லாத் திசையிலயும் வெளிய விடற மொத்த ஒலிச் சக்தியை. நம்ம காதுக்கு நேரா வர்றது எது, சுவர்ல பட்டு வர்றது எதுன்னு பிரிக்காம ஒரே குழம்பா கலக்கிடுச்சு. பல திசைகள்ல தனித்தனியா அளந்து, நேர் ஒலிக்கும் திரும்பற ஒலிக்கும் தனித்தனி இடம் குடுத்து ஆலிவ் கணக்குப் போட்டப்போ காதுகளோட தீர்ப்போட அழகாப் பொருந்திச்சு. அந்த அளவு முறைதான் பின்னால 2013-ல அமெரிக்க மின்னணுத் தொழில் சங்கத்தோட தர நிர்ணயமா ஆச்சு.

இந்த இடத்துல நான் ரொம்ப நேரம் நின்னுட்டேன். விளம்பரம் வாங்காத, ஓசி வாங்காத, உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் ஜெயிச்ச பத்திரிகை. யாருக்கும் விலை போகாம, சுத்தமான மனசோட, தப்பான மார்க் போட்டிருக்கு. அதைக் கண்டுபிடிச்சது ஸ்பீக்கர் விக்கற கம்பெனியோட சம்பளக்காரர். 'இவன் காசு வாங்கிட்டானா?'ங்கறதுதான் ரிவ்யூ படிக்கறப்போ நாம கேக்கற முதல் கேள்வி. கேக்க வேண்டியதுதான். ஆனா அவன் எப்படிச் சோதிச்சான்னு கேக்காம அதோட நிறுத்திக்கிட்டா, நல்லவன்கிட்டயே ஏமாறலாம்.

ஹார்மன்காரங்களை ஒரேயடியா தூக்கி வைக்கவும் வேண்டாம். ஹார்மன் கையில இருந்த லெக்சிகன் பிராண்டுல ஒரு ப்ளூ-ரே பிளேயர் வந்தது, விலை 3,500 டாலர். 2010 ஜனவரியில ஆடியோஹாலிக்ஸ்ங்கற விமர்சனக் குழு மூடியைத் திறந்து பார்த்தாங்க. உள்ள 500 டாலர் ஓப்போ பிளேயர், சட்டத்தோட முழுசா அப்படியே உக்காந்திருந்தது. சட்டைக்கு மேல சட்டை. கேட்டுக் கேட்டு எத்தனை பக்கம் எழுதினாலும் இது வெளிய வந்திருக்காது, ஸ்க்ரூ டிரைவர்தான் வேலை செஞ்சது.

ஸ்டீரியோவுக்கே இவ்வளவுன்னா ஹோம் தியேட்டர்ல இன்னும் ரெண்டு முடிச்சு சேருது. 1982-ல டால்பி சரவுண்ட் வீட்டுக்கு வந்து, 1987-ல புரோலாஜிக் வந்து, டி.வி.டி. வந்தப்புறம் அஞ்சு ஸ்பீக்கர் ஒரு சப்வூஃபர்ங்கறது சாதாரணமாச்சு. ரெண்டு சேனலுக்கு எழுதின 1974 விதி அஞ்சுக்குத் தெளிவா பேசலை. அஞ்சு தரம் நூறு வாட்ஸ்னு பெட்டியில போட்டிருக்கும். பவர் சப்ளை ஒண்ணுதான், அஞ்சு பேரும் ஒரே குழாயில தண்ணி பிடிக்கற கதை. சோதனைக்கூடத்துல அஞ்சையும் ஒண்ணா ஓட்டினா, மலிவு ரிசீவர்கள்ல சேனலுக்குப் பாதிகூடத் தேறாம போறது சகஜம். இதுக்காக ரொம்பக் கலவரப்பட வேண்டாம். நூறு ஐம்பது ஆனாக் காதுக்குக் குறையறது 3 டெசிபல்தான், வால்யூம் குமிழைக் கொஞ்சம் திருப்பற அளவு. சினிமாவுல அஞ்சும் ஒரே நேரத்துல முழுசா அலறறதும் அபூர்வம். ஆனா அளக்காம 'சக்திக்குக் குறைவில்லை'ன்னு எழுதற ரிவ்யூ எதைச் சொல்லுதுன்னு எனக்குப் புரியறதில்லை.

ரெண்டாவது முடிச்சு அறை. ஏறக்குறைய 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழ, நாம கேக்கறது ஸ்பீக்கரை விட அறையைத்தான். 12 அடி நீள அறைன்னா 47 ஹெர்ட்ஸ் பக்கத்துல ஒரு ஸ்வரம் உப்பும். ஓரிடத்துல உக்காந்தா இடி, ரெண்டடி தள்ளி உக்காந்தா காணோம். 'சப்வூஃபர் கொஞ்சம் தளர்வு'ன்னு அமெரிக்க விமர்சகர் எழுதறது அவர் வீட்டு அறையைப் பத்தின சேதியாகவும் இருக்கலாம். அவங்க வீட்டுச் சுவர் பலகையும் ஜிப்சமும், ஆழமான பாஸைக் கொஞ்சம் விழுங்கி வெளிய விட்டுடும். நம்ம செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையும் எதையும் விடாது, அப்படியே திருப்பி அடிக்கும். அதனால ரிவ்யூல பாஸைப் பத்தி வர்ற பத்தியை நான் வேகமாத் தாண்டிடுவேன். குரல் எப்படி, வசனம் தெளிவா, ஓரமா உக்காந்தாலும் அதே மாதிரி கேக்குதான்னு எழுதியிருந்தா நின்னு படிப்பேன். வரைபடம் போட்டிருந்தா முதல்ல அங்கதான் போவேன். எதோட ஒப்பிட்டுக் கேட்டார், சத்தத்தைச் சமப்படுத்தினாரான்னும் தேடுவேன். கொஞ்சம் கூடுதல் சத்தமா ஓடறது எப்பவும் நல்லதாவே கேக்கும், கடைக்காரங்களுக்கு இது நல்லாத் தெரியும்.

நட்சத்திரம் மட்டும் போட்டிருந்தா அதுக்கு ஒரு சின்ன எச்சரிக்கை. பிரிட்டன்ல 1976-ல ஆரம்பிச்ச 'வாட் ஹை-ஃபை?' பத்திரிகையோட அஞ்சு நட்சத்திரம் உலகப் பிரசித்தம். அது அந்த விலைக்குள்ள போட்டியாளர்களோட ஒப்பிட்டுப் போடற நட்சத்திரம். பிரிட்டன்ல 200 பவுண்டுக்கு அஞ்சு நட்சத்திரம் வாங்கினது, வரி எல்லாம் சேர்ந்து இங்க வந்து இறங்கறப்போ வேற விலைக்காரங்களோட மோத வேண்டியிருக்கும். நட்சத்திரம் கப்பல்ல கூடவே வர்றதில்லை.

வாட்ஸ் கதைக்கு ஒரு பின்குறிப்பு பாக்கி. 2024-ல ஃபெடரல் டிரேட் கமிஷன் அந்தப் பழைய விதியை இறுக்கியிருக்கு. 8 ஓம் சுமை, 20-லேர்ந்து 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும், சிதைவு 1 சதவீதத்துக்குள்ளன்னு எல்லாருக்கும் ஒரே அளவுகோல். அது அமெரிக்காவுல விக்கற பெட்டிக்கு. நம்ம ஊர் அட்டைப்பெட்டியை எடுத்தா, பெரிய எழுத்துல இருக்கற வாட்ஸுக்குப் பக்கத்துல பொடி எழுத்துல 6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், 10 சதவீதம், ஒரு சேனல் ஓட்டம்னு ஏதாவது இருக்கான்னு கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாருங்க.